சுளகின் வடிவம் ஏன் மாறவில்லை? – கேள்வி பதில்

மட்டக்களப்பில் கைப்பணி வடிவமைப்பைக் கற்பித்துவரும் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கல்லடியிலிருந்து ஒருவர்: சில பொருட்கள் தலைமுறைகள் கடந்தும் மாறாதிருப்பதற்கு அவற்றின் அழகுதான் காரணமா ஐயா?

அழகு பிறகு வந்து சேர்வது என்பதே என் எண்ணம். சுளகைப் பாருங்கள்: பிடிக்கும் பக்கம் விளிம்பு உயர்ந்தும் எதிர்ப்பக்கம் அகன்று திறந்தும் இருப்பதால், புடைக்கும்போது உமி முன்னால் பறந்துவிட, கனமான அரிசி கைப்பக்கமே வந்து தங்குகிறது. இதை ஒருவர் தனியே இருந்து வரைந்து தரவில்லை. மணிக்கட்டு நொந்தவர்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியிருக்கிறார்கள். 1958இல் வடிவமைப்புப் பற்றி இந்திய அரசுக்கு அறிக்கை அளித்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், அங்கே தாம் கண்ட பொருட்களுள் செம்பையே ஆகச் சிறந்ததாக வியந்தனர். இடுப்பில் வைத்தால் எப்படி இருக்கும், நிறைந்தபோதும் வெறுமையானபோதும் சரியாமல் நிற்குமா, கல்லில் வைத்தால் என்ன ஓசை எழும் என்றெல்லாம் அவர்கள் கேட்டிருந்தார்கள். செம்பு துலக்கிய எந்தப் பெண்ணும் இவற்றுக்கு உடனே பதில் சொல்லியிருப்பார்.

காத்தான்குடியிலிருந்து ஒருவர்: அப்படியானால், கலியாண வீடு, மௌத்து வீடு எங்கும் காணப்படும் பிளாஸ்டிக் கதிரையும் காலத்தை வென்றதுதானே?

அது விலை குறைவு, கழுவலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்; அந்த அளவில் அதனை மதிக்கிறேன். ஆயினும் ஒரு கால் வெடித்தால் முழுக் கதிரையும் குப்பைதான். தளபாடத் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் 1859இல் வெளியிட்ட 14ஆம் இலக்கக் கதிரையோ, நீராவியில் வளைத்த மரத்தில் 6 பாகங்களும் 10 திருகாணிகளும் 2 நட்டுகளுமாக அமைந்தது. பிரித்தால் ஒரு கன மீற்றர்ப் பெட்டிக்குள் 36 கதிரைகள் அடங்கின. அதன் பிரம்பு இருக்கை அறுந்தால், நம் வீட்டுப் பழைய பிரம்புக் கதிரையைப் போலவே, திரும்பப் பின்னிக்கொள்ளலாம்.

மருதமுனையிலிருந்து ஒரு நெசவாளர்: இடுப்பில் உடுத்தும் சாரத்தில் எதை மாற்றலாம்?

நிறத்தையும் கோடுகளையும் ஆண்டுதோறும் மாற்றுங்கள். இரு முனையும் சேர்த்துத் தைத்த ஒரே மூட்டில் ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் பொருந்தும் அந்த அமைப்பைத் தொடாதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: நல்ல வடிவம் நிலைக்குமென்றால், மூக்குப்பேணி என்ற மூக்கு வைத்த குடிகலம் ஏன் மறைந்தது?

வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு அந்த மூக்கைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் கண்டதில்லை. ஆனால் அப்படிக் குடிக்கும் வழக்கம் அருகிவிட்டது. அதில் சுத்தத்தோடு தீட்டுப் பார்வையும் கலந்திருந்ததை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பேணி இப்போது சாமியறையில் பூவுக்குத் தண்ணீர் தாங்குகிறது; பூக்காம்பு ஒன்று எப்போதும் அந்த மூக்கில் சிக்கிக்கொள்கிறது.