எதிரொலி இல்லாத அறை என்றால் என்ன? ஒலி ஆய்வகங்களில் அது எதற்கு?

எந்தப் பக்கம் பட்டாலும் ஒலி திரும்பி வராதபடி கட்டிய அறை. 1943இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒலியியல் அறிஞர் லியோ பெரானெக் இப்படி ஒன்றை உருவாக்கினார். சுவர், கூரை எங்கும் கண்ணாடியிழை ஆப்புகள். ஒலி அவற்றின் இடுக்கில் புகுந்து, உராய்ந்து, துளி வெப்பமாகிவிடும். தரையிலும் ஆப்புகள் என்பதால் பல அறைகளில் கம்பி வலைமேல்தான் நடக்க வேண்டும்.

ஸ்பீக்கரை அளக்கும்போது அதன் ஒலி மட்டும் வேண்டும். சாதாரண அறையில் சுவரும் சேர்ந்து பேசும். காலி வீட்டில் குரல் கணீரென்று முழங்கும். மெத்தை, துணிமணி வந்ததும் அடங்கிவிடும் அல்லவா? அதன் உச்சம்தான் இது. ஹார்வர்டில் இத்தகைய அறைக்குள் போன இசைக்கலைஞர் ஜான் கேஜ், தன் உடம்பின் சத்தமே கேட்டது என்றார்!

அப்புறம், சுவரில் ஃபோம் ஒட்டினால் பக்கத்து வீட்டு டிவி சத்தம் நிற்காது. ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிச்சத்தத்துக்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும்.