ராணியை எதுக்குங்க விடணும்?

கேள்வி: போன இதழில் நீங்கள் போட்ட சதுரங்கப் புதிரை யானையை அடித்தே முடித்துவிட்டேன். விடையைப் பார்த்தால் ராணியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு யானை சும்மா கிடைக்கும்போது ராணியை எதுக்குங்க விடணும்? புதிரைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி, நூல் அறுந்து தறி நிற்கும்போதெல்லாம் பார்த்தேன். இரண்டு ராத்திரி ஷிப்ட் இதிலேயே போச்சு.
– விசைத்தறி ஓட்டும் வாசகர், சோமனூர்

பதில்: முதலில் புதிரைத் தவறவிட்டவர்களுக்காக நிலையைச் சொல்லிவிடுகிறேன், பலகையில் அடுக்கிக்கொள்ளுங்கள் (எழுத்து, வெள்ளைக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து ஒன்று முதல் எட்டு வரை). வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி4, குதிரை ஜி5, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா எச்8, ராணி பி2, யானை இ8, சிப்பாய்கள் ஏ7, ஜி7, எச்7. ஆட வேண்டியது வெள்ளை. சும்மா இருந்தால் கறுப்பு யானை இ1-க்கு இறங்கி செக் வைக்கும், வெள்ளை தன் ராணியை எஃப்1-இல் குறுக்கே நிறுத்திப் பறிகொடுக்க வேண்டியதுதான்.

நீங்கள் கண்டுபிடித்தது இது: குதிரை எஃப்7-க்குப் பாய்ந்து செக், ராஜா ஜி8. பிறகு குதிரை டி6-க்கு விலக, பின்னால் நிற்கும் ராணியின் செக் திறக்கிறது. ராஜா எச்8-க்கு ஒதுங்க, குதிரை இ8 யானையை அடிக்கிறது. தப்பே இல்லைங்க. ஒரு குதிரை அதிகமாக வைத்துக்கொண்டு விளையாடலாம், பொறுமை இருந்தால் ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் புதிர் கேட்டது மேட், அதாவது ராஜா தப்பவே வழியில்லாத செக்.

குதிரை எஃப்7, ராஜா ஜி8 வரைக்கும் உங்கள் வழியேதான். அப்புறம் குதிரையை டி6-க்கு விடாமல் எச்6-க்கு விடுங்கள். இப்போது குதிரையும் செக், ராணியும் செக். ஜி7 சிப்பாய் குதிரையை அடித்துவிடலாமே என்று தோன்றும், ஆனால் அடித்தாலும் ராணியின் செக் அப்படியே நிற்கிறது, அதனால் ராஜா நகர்ந்தே ஆகவேண்டும். எஃப்8-க்குப் போனால் ராணி எஃப்7-இல் உட்கார்ந்து அங்கேயே மேட். எனவே எச்8.

இந்த இடத்தில் தறியை நிறுத்திவிட்டு அந்த ராஜாவை மட்டும் பாருங்கள். ஜி7, எச்7 இரண்டிலும் அவன் சிப்பாய்களே நிற்கிறார்கள். காலியாக இருப்பது ஜி8 ஒன்றுதான், அதையும் ராணியும் குதிரையும் சேர்ந்து காவல் காக்கின்றன. குதிரை மறுபடி எஃப்7-க்கு வந்து செக் வைத்தால் ராணியின் பாதையை அதுவே மறைத்துவிடும், ஜி8-க்கும் காவல் போய்விடும், ராஜா அங்கே ஓடிவிடும். இப்படி எச்6, எஃப்7 என்று செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கலாம். குறை ஒன்றே ஒன்று: ஜி8-ஐ யாராவது அடைக்க வேண்டும். நம் காய் அடைத்தால் பிரயோஜனம் இல்லை, அவன் காயே வந்து அடைக்க வேண்டும். அந்த இ8 யானையை அங்கே இழுத்துவர எதைக் காட்டினால் வரும்?

ராணி ஜி8, செக். எச்6 குதிரை காவல் இருப்பதால் ராஜா அடிக்க முடியாது. யானைதான் அடிக்க வேண்டும், அவனுக்கு வேறு நகர்வே கிடையாது. அடித்ததும் ஜி8 அடைபட்டது. குதிரை எஃப்7, மேட். நீங்கள் அடித்துச் சாப்பிட்ட யானைதான் இங்கே வேலைக்காரன்.

எங்கள் அப்புச்சி கோயில் மண்டபக் கல்லில் ஆடுபுலி ஆடும்போது இதைத்தான் செய்வார். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஓர் ஆட்டை வேண்டுமென்றே முன்னால் நகர்த்துவார், புலிக்காரர் சந்தோஷமாகத் தாண்டி அடிப்பார், அடித்து இறங்கிய இடத்தில் சுற்றிலும் ஆடுகள், திரும்ப வழி இருக்காது. அப்புச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டு ஒன்றுமே சொல்லமாட்டார்.

இன்னொன்று. அவசரப்பட்டு முதல் நகர்விலேயே ராணியை ஜி8-க்கு அனுப்பிய வாசகர்கள் நிறைய. யானை அடித்தால் குதிரை எஃப்7-இல் மேட்தான், ஆனால் குதிரை ஜி5-இல் இருக்கும்போது ஜி8-க்கு ஏது காவல்? ராஜாவே ராணியைச் சாப்பிட்டுவிடும். பலி ஒன்றுதான், இரண்டு நகர்வு முன்னதாகக் கொடுத்தால் வெறும் நஷ்டம்.

கேள்வி: எட்டாவது படிக்கும் என் பையன் இந்த மாதிரிப் புதிர்களைப் போட ஆரம்பித்ததில் இருந்து போட்டிகளில் எல்லா ஆட்டத்திலும் ராணியைக் கொடுக்கிறான், தோற்கிறான். நிறுத்திவிடவா?
– ஒரு அம்மா, கோபிசெட்டிபாளையம்

பதில்: நிறுத்த வேண்டாம். புதிரில் விடை உண்டு என்று முன்னாலேயே தெரியும், ஆட்டத்தில் யாரும் காதில் வந்து சொல்லமாட்டார்கள், சிக்கல் அங்கேதான். வீட்டில் ஆடும்போது காயைத் தொடுவதற்கு முன்னால், எதிராளி ஆடக்கூடிய பதில்களை ஒன்று விடாமல் வாயால் சொல்லச் சொல்லுங்கள். “அவன் அடிப்பான், அப்புறம் நான்…” என்று இழுத்தான் என்றால் ராணி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பதால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசிப்பதும் நல்ல பழக்கம். எனக்கு இன்னும் வரவில்லை.

கேள்வி: போன இதழ்ப் புதிரில் வரும் மேட்டுக்குப் பெயர் உண்டா? யார் கண்டுபிடித்தது?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஸ்மதர்ட் மேட் என்பார்கள், சொந்தக் காய்களே மூச்சுமுட்ட அடைத்த ராஜா. ராணியைக் கொடுத்துக் குதிரையால் முடிக்கும் இந்த வகையைப் பிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் பெயரால் அழைக்கிறார்கள், ஆனால் அவர் 18-ஆம் நூற்றாண்டுக்காரர். ஸ்பெயினின் சலமான்காவில் 1497-இல் லூசெனா என்பவர் அச்சிட்ட சதுரங்கப் புத்தகத்திலேயே இது இருக்கிறது.

இந்த இதழ்ப் புதிர்: 1858, பாரீஸ் ஓப்பரா அரங்கம், அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி வெள்ளை. எதிரே ஒரு டியூக்கும் ஒரு கவுன்ட்டும் கலந்து பேசி ஆடினார்கள். வெள்ளை: ராஜா சி1, ராணி பி3, யானை டி1, பிஷப் ஜி5, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2, இ4, எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா இ8, ராணி இ6, குதிரை டி7, பிஷப் எஃப்8, யானை எச்8, சிப்பாய்கள் ஏ7, இ5, எஃப்7, ஜி7, எச்7. இரண்டே நகர்வில் மேட். சோமனூர்க்காரரே, இந்தத் தடவை அடைக்க ஆள் தேடாதீர்கள், கறுப்பில் எந்தக் காய் காவலுக்கு நிற்கிறது என்று பாருங்கள்.