சமையல் படிக்க அமெரிக்காவா?

கேள்வி: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடிக்கப்போகிறாள். அமெரிக்காவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் 'குடும்ப, பயனீட்டாளர் அறிவியல்' படிக்க இடம் கிடைத்திருக்கிறது. "சமையலும் தையலும் கற்க இவ்வளவு வெள்ளியா?" என்று அவள் அப்பா குதிக்கிறார். என்ன சொல்வது?
– ஈசூன் வாசகி

பதில்: இங்கே சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் இந்தப் பாடத்தைக் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் கொஞ்சம் பட்சபாதமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் படித்த முதல் பெண். குடிதண்ணீரையும் கலப்பட உணவையும் சோதித்த ரசாயன நிபுணர். இந்தத் துறைக்காக 1899ல் அமெரிக்காவின் லேக் பிளாசிட் ஊரில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் அவர்தான். இன்று இந்தப் படிப்பில் சத்துணவு, குழந்தை வளர்ச்சி, குடும்ப நிதி, துணியியல், பயனீட்டாளர் உரிமை எல்லாம் வரும்.

துணியியலில் ஒரு சோதனை உண்டு. பட்டு என்று வாங்கிய சேலையின் குஞ்சத்திலிருந்து, ஜரிகை கலக்காத ஒரு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். அசல் பட்டு என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், தீயை விலக்கினால் அணைந்துவிடும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பருத்தி காகிதம் போல எரியும். நம் பாட்டிமார் மூக்காலேயே கண்டுபிடித்தது இது. உங்கள் மகள் அதன் காரணத்தைப் படிப்பாள். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லையா? பபுள் டீ கடையில் நியூட்ரி-கிரேட் (பானத்தின் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டும் தரக் குறியீடு) 'டி' என்று போட்டிருக்கிறதே, அது சர்க்கரையால் வந்தது என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை என்று பொருள். 500 மில்லி கோப்பையில் எவ்வளவு என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். இந்தக் கணக்கும் இந்தப் படிப்புக்குள் அடக்கம்.

சரி, வேலை? கையெழுத்துப் போடுமுன் யோசிக்கவேண்டிய இடம் இதுதான். அவளுக்கு உணவியல் நிபுணராகும் ஆசை இருந்தால், நான்கு வருடப் பட்டம் மட்டும் போதாது. 2024 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் அதற்கான பதிவுத் தேர்வை எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும். இன்னும் இரண்டு வருடச் செலவு என்று இப்போதே எழுதிவையுங்கள். இங்கே ஆசிரியராக வேண்டுமென்றால், கல்வி அமைச்சு தேர்ந்தெடுத்த பிறகே தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி. இந்தப் பட்டத்தை எந்தப் பாடத்துக்கு ஏற்பார்கள் என்று அமைச்சிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று போய்விடாதீர்கள்.

சின்னப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியருக்கு மாணவரின் பெயர் தெரியும், அது பெரிய லாபம். ஆனால் ஆசிரியர்கள் சிலர்தான் இருப்பார்கள் என்பதால் சில பாடங்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் நடத்தலாம். அதில் ஒன்றைத் தவறவிட்டால் பட்டம் தள்ளிப்போகும், தங்கும் செலவும் ஏறும். ஆகவே நான்கு வருடப் பாட அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எனக்கு அந்த இடம் பிடிக்காது. அப்புறம், மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கட்டணத்தை அவளே சம்பாதித்துக் கட்டிவிடுவாள் என்று கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகனைப் பள்ளியில் சமைக்கச் சொல்கிறார்கள். விலக்குக் கேட்கலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கூடாது, ஐயா. 1997லிருந்து பையன்களுக்கும் இது கட்டாயப் பாடம். ஏப்ரன் வாங்கிக் கொடுங்கள்.