தேள் கொட்டியதால் விடுப்பு

அன்புள்ள சார்,

வரலாற்று நூல்கள் படிக்கப் படிக்க அலுப்புத் தட்டுகிறது. எந்த அரசன் யாரை வென்றான், எந்தக் கோயிலைக் கட்டினான், அதற்குமேல் ஒன்றுமில்லை. அங்கே கல் உடைத்தவன் என்ன சாப்பிட்டான், மேஸ்திரியிடம் என்ன சொல்லி லீவு போட்டான் என்பதெல்லாம் எங்காவது பதிவாகியிருக்கிறதா? இல்லை, அது முழுக்க நாவலாசிரியர்களின் கற்பனைதானா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

லீவு போட்ட காரணமே கிடைத்திருக்கிறது. ஆனால் எகிப்தில்.

லக்சர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் தேர் எல்-மதீனா என்றொரு ஊர். மன்னர்களின் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்து அரச கல்லறைகள் அமைத்த கல்தச்சர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு அங்கே இருந்தார்கள். மதிலுக்குள் எழுபதுக்குச் சற்றுக் குறைவான வீடுகள். தண்ணீர் கழுதை முதுகில்தான் வரவேண்டும். கிணறு வெட்டிப் பார்த்தார்கள். 50 மீட்டர் ஆழம் போயும் ஊற்றுக்கண் திறக்கவில்லை. பிறகு அதில் குப்பை கொட்டினார்கள். நல்லவேளை!

பாப்பிரஸ் என்ற நாணல் தாளுக்குக் காசு வேண்டும். கல்லறை குடைகிற இடத்தில் சுண்ணாம்புக்கல் சில்லுகளோ காலில் இடறும். ஆகவே கூலிக்கணக்கு, கடன், பிராது எல்லாம் சில்லில் எழுதி, வேலை முடிந்ததும் வீசிவிட்டார்கள். 1950ஐ ஒட்டி பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் ப்ரூயேர் அந்தக் கிணற்றுக் குழியைத் தோண்டியபோது அவை ஆயிரக்கணக்கில் வந்தன.

நீங்கள் கேட்டது இன்னும் முன்னதாகவே வெளிவந்த ஒரு பெரிய சில்லில் இருக்கிறது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு எகிப்தை ஆண்ட இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு அது. ஏறத்தாழ நாற்பது பேர், வராத நாட்கள், பெரும்பாலான நாட்களுக்கு மேலே சிவப்பு மையில் காரணம். உடம்புக்கு முடியவில்லை. கண் நோய். தேள் கொட்டிவிட்டது. செத்துப்போன தாயின் உடலைத் துணி சுற்றிக்கொண்டிருக்கிறான். வீடு கட்டுகிறான். பீர் காய்ச்சுகிறான். மகளுக்கு மாதவிலக்கு. பீர் காய்ச்சியவனை அந்தக் கணக்கர் எந்த முகத்தோடு எழுதிக்கொண்டார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

சாப்பாடு கூலியிலேயே தெரிகிறது. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. முன்னது ரொட்டிக்கு, பின்னது பீருக்கு. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டில் அது தாமதமானபோது வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்குச் சொல்லியனுப்புங்கள் என்றார்கள். நாமறிந்த மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுதான்.

எனக்கு அவ்வூரில் பிடித்தவள் நௌனக்தே என்ற கிழவி. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். சாட்சிகளைக் கூட்டி வைத்து, வயதான காலத்தில் என்னைக் கவனித்தவர்களுக்கு மட்டுமே என் சொத்து என்று உயில் எழுதிவிட்டாள். பிள்ளைகளுக்குத் தகப்பன் வழியாக வந்த சொத்தில் அவள் கைவைக்கவில்லை, தன் பங்கை மட்டும் பிரித்தாள். ஒரு மகனுக்குக் கூடுதலாக ஒரு வெண்கலப் பாத்திரம். மற்றவர்கள் அதைப் பார்த்து என்ன முணுமுணுத்தார்களோ.

நம் ஊரில் ஏன் இப்படி இல்லை என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நம் ஓலை சில நூற்றாண்டுக்குமேல் தாங்காது, திரும்பத் திரும்பப் படியெடுக்க வேண்டும். தேவாரத்தைப் படியெடுப்பார்கள். வருகைப் பதிவேட்டை யார் படியெடுப்பார்?

ஒன்று மட்டும். இவர்களைச் சராசரி எகிப்தியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அரசுச் சம்பளம், பத்து நாள் வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை, துணி துவைக்க அரசு அமர்த்திய சலவைக்காரர்கள் என்று வாழ்ந்தவர்கள். துணிகளின் படம் வரைந்த சலவைக் கணக்குகூடக் கிடைத்திருக்கிறது, படிக்கத் தெரியாத சலவைக்காரருக்காக இருக்கலாம். அந்தக் கோதுமையை விளைவித்தவர்களோ ஆற்றோர ஈரமண்ணில் வாழ்ந்தார்கள், அவர்கள் கைப்பட நமக்கு எதுவும் வரவில்லை. நாவலாசிரியர்கள் அங்கே போகட்டும்.