அரசியல் வெறுத்துப்போய் வேறு நாட்டில் குடியேறுவது ஏன் அவ்வளவு சுலபமில்லை?

தேர்தல் முடிவோ ஆட்சியின் போக்கோ பிடிக்காமல், "இனி இங்கே இருக்க முடியாது" என்று சொந்த முடிவில் நாடு மாறுவதைத்தான் இப்படிச் சொல்கிறோம். அந்த மனவேதனை உண்மையானது; அதைக் கேலி செய்வது தவறு. 2016 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவு வந்த இரவில், கனடாவின் குடிவரவு இணையதளம் கூட்டம் தாங்காமல் முடங்கியது.

ஆனால் கிளம்புவது வேறு விஷயம். 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு எந்த நாட்டை விட்டும் வெளியேறும் உரிமையைத் தருகிறது. இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தரவில்லை. நம் வீட்டுக் கதவை நாமே திறந்து வெளியே வரலாம், அடுத்த வீட்டுக் கதவை அந்த வீட்டுக்காரர்தான் திறக்க வேண்டும். திறமையான பணியாளர்களைக் குடியேறத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயது, படிப்பு, மொழித்திறன், வேலை அனுபவம் போன்றவற்றுக்குத்தான் மதிப்பெண். ஏமாற்றத்துக்கு மதிப்பெண் கிடையாது. அப்புறம் வரி: அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாட்டில் வாழ்ந்தாலும் தங்கள் நாட்டில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடமை தொடர்கிறது.

"அகதி என்று விண்ணப்பித்தால் போதுமே" என்று பலர் நினைக்கிறார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி, அரசியல் கருத்து போன்ற காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும், பிடித்த கட்சி தோற்றது அதற்குள் வராது.