காஸ்டிக் விழுங்கிய குழந்தைக்கு வாயில் புண் இல்லையென்றால் எண்டோஸ்கோபி தேவையா? உணவுக்குழாய் பழையபடி ஆகுமா?

குழந்தைகளுக்கான எண்டோஸ்கோபி பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இரண்டு வயதுக் குழந்தை, குழாய் அடைப்பு நீக்கும் காஸ்டிக் திரவம் (அமிலத்துக்கு எதிரான, திசுவை அரிக்கும் காரம்), வாயில் பெரிதாகப் புண் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் மருத்துவமனைக்குப் போகவில்லையென்றால் மீதியை அப்புறம் படிக்கலாம், முதலில் கிளம்புங்கள். பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். எலுமிச்சைச் சாறு கொடுத்துக் காரத்தை முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த வினையே சூட்டைக் கிளப்பும்.

வாயை மட்டும் பார்த்து உணவுக்குழாயைக் கணிக்க முடியாது. தூள் வாயிலேயே ஒட்டிக்கொள்ளும். திரவம் வாயில் அடையாளமே இல்லாமல் கீழே இறங்கிவிடும். அமிலம் பட்ட இடத்தில் திசு உறைந்து பொருக்குக் கட்டுவதால் ஓரளவு தடுப்பு உண்டு. காரம் திசுவில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துக்கொண்டே ஆழமாகப் போகும். எச்சில் வடிகிறது, வாந்தி வருகிறது, விழுங்க மறுக்கிறது, மூச்சில் சத்தம் கேட்கிறது என்றால் எண்டோஸ்கோபியை, அதாவது வாய் வழியாகக் கேமரா குழல் விட்டுப் பார்ப்பதை, தள்ளிப்போடக் கூடாது. பொதுவாக 24 மணி நேரத்துக்குள், தாமதமானால் 48 மணிக்குள் செய்வார்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் சில நாட்கள் உணவுக்குழாயின் சுவர் பலவீனமாக இருக்கும், ஓட்டை விழும் அபாயம் அதிகம்.

எண்டோஸ்கோபி அறிக்கையில், புண் எவ்வளவு மோசம் என்பதைச் சொல்லும் சார்கர் தரம் என்று ஒன்று இருக்கும். 0, 1, 2ஏ என்றால் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிவிடும். 2பி என்பது ஆழமான அல்லது குழாயைச் சுற்றிலும் வளையமாக உள்ள புண். 3 என்றால் திசு செத்திருக்கிறது. இந்த இரண்டில்தான் பின்னால் சுருக்கம், அதாவது தழும்பால் உணவுக்குழாய் குறுகிப்போவது, வரும். ஸ்டீராய்டு கொடுப்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 1990இல் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு பலனில்லை என்றது. 2014இல் வந்த இன்னொன்று, 2பி புண்ணுக்கு மூன்று நாள் அதிக அளவில் கொடுத்தால் உதவுகிறது என்றது. உங்கள் மருத்துவர் எந்தப் பக்கம் நின்றாலும் பதற வேண்டாம்.

என் அனுபவத்தில் பெற்றோர் ஏமாறுவது இரண்டாவது வாரத்தில். வீக்கம் வடிந்து குழந்தை நன்றாகச் சாப்பிடும். சரி, தப்பித்தோம் என்று மறுபரிசோதனைக்கு வர மாட்டார்கள். தழும்பு இறுகத் தொடங்குவதோ மூன்றாவது வாரம் வாக்கில்தான். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்பது, மென்று துப்புவது, அரை மணியில் முடிந்த சாப்பாடு ஒரு மணி நேரம் இழுப்பது எல்லாம் ஆரம்ப அறிகுறிகள். பால் கூட இறங்காத நிலையில் வந்தால் குழந்தை அதற்குள் மெலிந்திருக்கும். அதனால் 2பி அல்லது அதற்கு மேல் என்றால், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், மூன்றாவது வாரத்தில் பேரியம் எக்ஸ்ரே (பேரியம் திரவத்தைக் குடிக்க வைத்து எடுக்கும் படம்) உண்டா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

சுருக்கம் வந்தால் மயக்க மருந்து கொடுத்து பலூனாலோ மெல்லிய குழலாலோ விரிப்பார்கள். ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை. சில வார இடைவெளியில் மாதக்கணக்காகப் போகலாம். விரித்த அன்று நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்து வீக்கம் இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் திரும்ப வாருங்கள். பிடிவாதமான தழும்புக்கு, அது மீண்டும் இறுகாமலிருக்க மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுவதுண்டு. எதற்கும் மசியாவிட்டால் பெருங்குடலையோ இரைப்பையையோ கொண்டு புதுப் பாதை அமைப்பார்கள். பெரிய அறுவை சிகிச்சைதான், ஆனால் அதற்குப் பிறகு வாயால் நன்றாகச் சாப்பிடும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

எண்டோஸ்கோபி அறிக்கையைத் தொலைக்காதீர்கள். ஆழமாக வெந்த உணவுக்குழாயில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வளர்ந்த பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும் உங்கள் பிள்ளை அந்தத் தாளைக் காட்ட வேண்டியிருக்கும்.