அடுக்குவதா, தேடுவதா? செகண்ட் லைஃப் இன்வென்ட்டரி கேள்வி பதில்

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் வாங்கியது, இலவசமாக வந்தது, நாமே செய்தது எல்லாம் இன்வென்ட்டரிக்குள், அதாவது நம் சொந்தச் சாமான் கிடங்குக்குள், போய் விழுகிறது. இடம் நிறைந்துவிட்டது என்று அது ஒருநாளும் சொல்லாது. வீட்டுப் பரணாவது ஒரு கட்டத்தில் "போதும்" என்று சொல்லும். சென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே. மெனுப் பெயர்கள், அந்த உலகத்துக்குள் போக நம் கணினியில் ஓட்டும் ஃபயர்ஸ்டார்ம் வியூவரில் இருக்கிறபடி சொல்லியிருக்கிறேன். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேபின் சொந்த வியூவரிலும் பெரும்பாலும் இவையேதான்.

நாற்பதாயிரத்துக்கு மேல் சாமான் சேர்ந்துவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரிக்கலாமா, இல்லை தேடல் பெட்டியே போதுமா? (வேளச்சேரி)

ஒரு வாரம் வேண்டாம். எல்லாவற்றையும் பிரித்து வைக்க நினைத்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு, "புதுசு", "புதுசு 2", "அப்புறம் பார்க்கணும்" என்று மூன்று ஃபோல்டரோடு நிற்பார்கள்.

தேடல் பெட்டி சாதாரணமாகப் பார்ப்பது பெயரை மட்டும். பெயர் ஒழுங்காக இருக்கும் பொருளை எங்கே போட்டாலும் அது எடுத்துக் கொடுத்துவிடும், அதை அடுக்க மெனக்கெட வேண்டாம். அடுக்க வேண்டியது இரண்டு வகை. ஒன்று, கடைக்காரர் 'அன்பேக் மீ வி2' என்றோ வெறும் 'ஆப்ஜெக்ட்' என்றோ பெயர் வைத்து அனுப்பியவை. இன்னொன்று, பெயரால் இல்லாமல் சந்தர்ப்பத்தால் நினைவுக்கு வருபவை: கல்யாண அலங்காரம், மழைக்காட்சி, கச்சேரி மேடை. இவை மொத்தச் சரக்கில் சின்னப் பங்குதான். இரண்டு சாயங்காலம் போதும்.

கடைக்காரர் வைத்த பெயரை மாற்ற முடியவில்லை. ரீநேம் மங்கலாக இருக்கிறது. (அம்பத்தூர்)

அது நோ-மாடிஃபை பொருள். பெயரைத் தொட அனுமதி கிடையாது. அதை ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டருக்கு நீங்கள் நினைத்துக்கொள்கிற பெயரைக் கொடுங்கள். ஃபோல்டர் பெயரும் தேடலில் அகப்படும். பிறகு அந்த ஃபோல்டர் மேல் ஒரு தடவை சொடுக்கி, தேடல் பெட்டியைக் காலி செய்தால், முழுப் பட்டியலில் அதே இடத்தில் நிற்பீர்கள். உள்ளே இருப்பது தெரியும்.

பெயர்களைத் தமிழிலேயே வைத்தேன். எல்லாம் வெறுமையாகிவிட்டது! (மயிலாப்பூர்)

இன்வென்ட்டரிப் பெயரில் அடிப்படை ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டுமே நிற்கும். மற்றவற்றை வியூவர் இடைவெளியாக மாற்றிவிடும், தமிழுக்கும் அதே கதிதான். நீளம் 63 எழுத்து. அதற்கு மேல் போனால் வெட்டிவிடும். விவரக் கட்டத்திலும், அதாவது டிஸ்க்ரிப்ஷனிலும், தமிழ் நிற்காது.

ஆக, தங்கிலீஷில்தான் வைக்க வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது. இன்று புடவைக்கு 'பி-யு' போட்டு ஆரம்பிப்பீர்கள், அடுத்த மாதம் பேச்சுவழக்கில் 'பி-ஓ'. 'ழ'வுக்கு ஒருநாள் இசட்-எச், மறுநாள் வெறும் எல். தேடல் எழுத்துக்கு எழுத்துப் பொருத்தம் பார்க்குமே தவிர, உச்சரிப்பு அதற்குத் தெரியாது. வாழைமரத் தோரணம் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று இடத்தில் கிடக்கும். பொதுவான சாமானுக்கு ஆங்கிலச் சொல்லையே வைத்துவிடுவது நல்லது. தமிழ்ச்சொல் வேண்டும் என்றால் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைக்க நோட்கார்டு இருக்கிறது. அதற்குள் தமிழ் தாராளமாக நிற்கும். கொள்ளளவு 65,536 பைட். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், 'கொ' மாதிரி கொம்பும் காலும் சேர்ந்ததற்கு 6. கணக்குப் போட்டாலும் இருபதாயிரம் குறியீடுகளுக்கு மேல் கொள்ளும். ஆனால் நோட்கார்டின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். உள்ளே எழுதியதை இன்வென்ட்டரித் தேடல் படிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

தேடினால் இருநூறு முந்நூறு வருகிறது. சுருக்க வழி? (பெரம்பூர்)

கூட்டல் குறி போடுங்கள். 'ரெட்+சாரி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டு சொல்லும் பெயரில் உள்ளவை மட்டும் வரும், எது முன்னால் எது பின்னால் என்பது பொருட்டில்லை. கூட்டல் குறி இல்லாமல் இடைவெளி விட்டு அடித்தால் அந்தத் தொடர் அப்படியே இருக்கிறதா என்றுதான் பார்க்கும். பலருக்கும் "இல்லை" என்று வருவது இதனால்தான்.

கடைக்காரர் பெயர் ஞாபகம் இருந்து பொருளின் பெயர் மறந்துவிட்டால், தேடும் முறையைப் பெயரிலிருந்து கிரியேட்டருக்கு மாற்றுங்கள். செய்தவரின் அவதார் பெயர் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: மெஷ் சாமானில், அதாவது வெளி மென்பொருளில் முப்பரிமாணமாக வடித்து ஏற்றியதில், கடைக்காரர் வேறொருவரிடம் வாங்கிய மாதிரியை அடிப்படையாக வைத்திருந்தால், கிரியேட்டராக அந்த வேறொருவர் பெயர் இருக்கும்.

இந்தத் தடவை உள்ளே வந்த பிறகு வாங்கியது என்றால் தேடவே வேண்டாம். 'ரீசென்ட்' பட்டிக்குப் போனால் கடைசியாக வெளியேறியதற்குப் பிறகு வந்தவை மட்டும் இருக்கும். செகண்ட் லைஃபின் இணையக் கடையான மார்க்கெட்ப்ளேஸில் வாங்கியது 'ரிசீவ்டு ஐட்டம்ஸ்' ஃபோல்டரில்.

பாதி இன்வென்ட்டரி காணோம்! (தாம்பரம்)

பதற வேண்டாம், பெரும்பாலும் போயிருக்காது. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஃபில்டர். என்றைக்கோ 'நோட்கார்டு மட்டும்' என்றோ 'கடந்த 2 நாள்' என்றோ டிக் செய்துவிட்டு அப்படியே விட்டிருப்பீர்கள். 'ரீசெட் ஃபில்டர்ஸ்' கொடுங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? இன்வென்ட்டரி ஜன்னலின் மேலே தெரிகிற எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, தேடல் பெட்டியில் ஏதாவது இரண்டு எழுத்து அடியுங்கள். வியூவர் மிச்சப் பட்டியலைச் சர்வரிலிருந்து இழுக்கத் தொடங்கும். எண்ணிக்கை ஏறி நிற்கும்வரை நகராமல், வேறிடத்துக்கு டெலிபோர்ட் செய்யாமல் காத்திருங்கள்.

பாதியிலேயே நின்றுவிட்டால் கேஷ் பழுது. இன்வென்ட்டரிப் பட்டியலின் ஒரு பிரதியை வியூவர் உங்கள் கணினியில் வைத்திருக்கிறது. மின்சாரம் போயோ வியூவர் உறைந்தோ அது அரைகுறையாக எழுதப்பட்டால், அடுத்த முறை அரைகுறையையே காட்டும். ப்ரிஃபரன்ஸில் இன்வென்ட்டரி கேஷை மட்டும் அழிக்கும் பொத்தான் தனியாக உண்டு. அதை அழுத்தி, வெளியேறி, மறுபடி லாகின் ஆகும்போது தொடங்கும் இடமாக ஆளில்லாத, கனமில்லாத ஒரு ரீஜனை (நிலப்பகுதியை) கொடுங்கள். இதற்கென்றே பலரும் போவது பூலி. கூட்டமான கிளப்பில் இறங்கினால், அங்கே உள்ள எல்லாருடைய தலைமுடி டெக்ஸ்ச்சரும் உங்கள் பட்டியலோடு போட்டிபோட்டு இறங்கும். எவ்வளவு தூரம்வரை காட்சி தெரியும் என்பதைச் சொல்லும் ட்ரா டிஸ்டன்ஸை 32 மீட்டருக்குக் குறையுங்கள். வைஃபையை விடக் கேபிள் நல்லது.

பொருள் சர்வரில்தான் இருக்கிறது. கேஷை அழிப்பதால் ஒரு சாமானும் போகாது. பயந்துகொண்டு இதைச் செய்யாமலேயே இருப்பவர்கள் உண்டு.

கொலுப்படி, பொம்மை, விளக்கு எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறைதான். பெட்டியில் போட்டு வைக்கலாம் என்கிறார்கள். எப்படி? (திருவல்லிக்கேணி)

பெட்டி கட்டுவது நல்ல பழக்கம். முந்நூறு பொருள் ஒரே பொருளாகிவிடும். ஆனால் கட்டிய பெட்டிக்குள் தேடல் நுழையாது. பரணில் ஏற்றிய அட்டைப்பெட்டி மேல் ஸ்கெட்ச் பேனாவில் எழுதாவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

உங்கள் நிலத்திலோ, பொருள் வைக்க அனுமதிக்கும் சாண்ட்பாக்ஸிலோ நின்று கன்ட்ரோல்+பி அழுத்தித் தரையில் சொடுக்கினால் ஒரு மரப்பெட்டி வரும். வந்ததும் முதல் வேலை பெயர். 'கொலு 9 படி + விளக்கு + மரப்பாச்சி' என்கிற மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் பெயரை ஆங்கில எழுத்தில் 63க்குள் அடக்குங்கள். பிறகு 'கன்டென்ட்ஸ்' பட்டியைத் திறந்து, இன்வென்ட்டரியிலிருந்து பொருள்களைத் தேர்ந்து இழுத்துப் போடுங்கள். ஒரே இழுப்பில் ஐம்பதுக்கு மேல் வேண்டாம். போட்டதெல்லாம் பட்டியலில் தெரிகிறதா என்று எண்ணிவிட்டு அடுத்த கட்டு.

ஃபோல்டரை அப்படியே போட முடியாது. பெட்டிக்குள் அடுக்கு கிடையாது, எல்லாம் ஒரே வரிசை. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் இரண்டாவதன் பின்னால் எண் ஒட்டிக்கொள்ளும். அசல் பொருளைச் சுட்டிக்காட்டும் லிங்குகளும் உள்ளே போகாது. தனி ஸ்க்ரிப்டுகளை (பொருளை இயக்கும் நிரல்களை) போடாதீர்கள், விழுந்த நொடியே ஓடத் தொடங்கி, உங்கள் பெட்டி பேசவோ சுற்றவோ ஆரம்பிக்கும். விளக்குக்குள்ளேயே இருக்கும் ஸ்க்ரிப்ட் பரவாயில்லை, அது தூங்கும்.

பிரதி எடுக்க முடியாத நோ-காப்பி பொருளைத் தனிப் பெட்டியில் கட்டுங்கள். ஒன்றே ஒன்று கலந்தாலும் பெட்டி முழுவதும் நோ-காப்பி ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்த ஒரு பெட்டி தொலைந்தால் மொத்தக் கொலுவும் போச்சு. காப்பி செய்யக்கூடியவற்றை மட்டும் வைத்த பெட்டி என்றால் இரண்டு பிரதி எடுத்துவைக்கலாம்.

பெட்டியை 'டேக்' செய்து, மறுபடி வெளியே வைத்துத் திறந்து, இரண்டு மூன்று பொருளை எடுத்துப் பார்த்த பிறகே பழைய பிரதிகளை அழிக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் நவராத்திரி முதல் நாள் அலறுவது.

அதே மாதிரி உடைகளையும் பெட்டியில் கட்டினேன். சேமித்த அவுட்ஃபிட் எல்லாம் உடைந்துவிட்டது. (கோடம்பாக்கம்)

உடைந்தே தீரும். அவுட்ஃபிட்டில் இருப்பது உடை இல்லை, உடைக்குப் போட்ட லிங்குகள். லிங்க் பொருளின் அடையாள எண்ணைப் பிடித்திருக்கிறது. ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் எண் மாறாது, லிங்கும் உடையாது. பெட்டியில் போட்டுத் திரும்ப எடுத்தால் வருவது புது எண்ணோடு வரும். பழைய லிங்குக்கு அது யாரோ.

அவுட்ஃபிட்டில் உள்ள எதையும் பெட்டியில் கட்டாதீர்கள். சந்தேகம் என்றால் பொருளை வலது சொடுக்கி, அதன் எல்லா லிங்குகளையும் தேடச் சொல்லிப் பாருங்கள்.

உடம்பு, தலை போன்றவற்றுக்குப் புது வெர்ஷன் வந்தாலும் இதே சிக்கல் வரும். பழையதை அழிக்கும் முன் 'ரீப்ளேஸ் லிங்க்ஸ்' ஜன்னலைத் திறந்து, ஒரு கட்டத்தில் பழையதையும் மற்றதில் புதியதையும் இழுத்து விடுங்கள். நூறு அவுட்ஃபிட்டிலும் ஒரே தடவையில் மாறிவிடும். பழையதை அழித்துவிட்டால் இழுத்து விட எதுவும் இருக்காது.

ஒரே விளக்கு கல்யாண ஃபோல்டரிலும் வேண்டும், கார்த்திகை ஃபோல்டரிலும் வேண்டும். (நங்கநல்லூர்)

காப்பி எடுக்க வேண்டாம். அசலை ஓரிடத்தில் வையுங்கள். வலது சொடுக்கில் 'காப்பி', மற்ற ஃபோல்டரில் 'பேஸ்ட் ஆஸ் லிங்க்'. லிங்கை அழித்தால் அசலுக்கு ஒன்றும் ஆகாது.

சீக்கிரமாகக் குறைக்க ஒரு வழி? (ராயப்பேட்டை)

போட்டுப் பார்க்க எடுத்த மாதிரிகளுக்கு 'டெமோ' என்று தேடுங்கள். வந்ததைப் பார்த்துவிட்டு அழியுங்கள், ஏனென்றால் தேடல் சொல்லின் நடுவிலும் பிடிக்கும், 'டெமோலிஷன்' என்ற செட்டும் அதில் வந்து நிற்கும். அடுத்தது ஃபில்டரில் நோட்கார்டும் லேண்ட்மார்க்கும் (இடத்தின் முகவரி) மட்டும் டிக் செய்யுங்கள். ஒவ்வொரு கடைப் பெட்டியோடும் ஒன்று வந்திருக்கும், பாதிக் கடை மூடியிருக்கும்.

அழித்தவை ட்ராஷில் கிடக்கும்வரை எண்ணிக்கை குறையாது. காலி செய்வதற்கு முன் ட்ராஷைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். இழுக்கும்போது கை நழுவி ஒரு முழு ஃபோல்டர் அதற்குள் விழுவது அடிக்கடி நடப்பது. காலி செய்ததை மீட்க வழியில்லை. முக்கியமான ஃபோல்டருக்கு ஃபயர்ஸ்டார்மில் 'ப்ரொடெக்ட்' போட்டு வைக்கலாம்.

வாடகை நிலம் முடிந்து சாமான் திரும்பி வந்தது. சோபா மட்டும் இருக்கிறது, மற்றதைத் தேடினால் வரவில்லை. (போரூர்)

'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் அந்தச் சோபாவின் படக்குறியைப் பாருங்கள். பல கட்டை சேர்ந்த மாதிரி இருந்தால் அது சோபா மட்டும் இல்லை, மொத்த வீடும் ஒரே கட்டாக வந்திருக்கிறது. பெயர் மட்டும் அதில் ஒன்றினுடையது. விசாலமான சாண்ட்பாக்ஸில் வெளியே வைத்தால் பழைய இடைவெளியோடு பரந்து விழும். ஒன்றொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். மேஜை மேல் வைத்துப் பார்க்க வேண்டாம், பாதி அடுத்தவர் நிலத்தில் விழும்.

செகண்ட் லைஃப் மாதிரி உலகங்களைத் தனியாக நடத்த உதவும் ஓப்பன்சிம்மில் வேறு கிரிடுக்கு (உலகத்துக்கு) போனால் என் பொருள் எதையும் எடுக்க முடியவில்லை. (அடையாறு)

கிரிடுகளை இணைக்கும் ஹைப்பர்கிரிட் வழியாகப் போனால் 'மை சூட்கேஸ்' ஃபோல்டரில் உள்ளது மட்டும்தான் கூட வரும். கிளம்புமுன் தேவையானதை அதில் போடுங்கள்.

பெரிய அளவில் ஒழுங்குபடுத்த எந்த நேரம் நல்லது? (அண்ணா நகர்)

நம் ஞாயிற்றுக்கிழமைக் காலை. செவ்வாய், புதன் சாயங்காலத்திலிருந்து இரவுவரை தவிர்த்துவிடுங்கள். பராமரிப்புக்காக ரீஜன்களை வரிசையாக மறுதொடக்கம் செய்வது பெரும்பாலும் அந்த நாள்களின் பசிபிக் காலையில். அது நம்மைவிடக் கோடையில் 12½ மணி, குளிர்காலத்தில் 13½ மணி பின்னால், அதனால் நமக்கு அது மாலையும் இரவுமாகிவிடும். நோ-காப்பி பெட்டியைத் தரையில் வைத்து உள்ளே பொருளை இழுத்துக்கொண்டிருக்கும்போது ரீஜன் மறுதொடக்கம் ஆனால், எது பெட்டியில் போனது, எது போகவில்லை என்று எண்ணி முடிக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிடும்.